நெஞ்சில் தென்பட்ட நிழல்: ஊசிப் பரிசோதனை கடந்து வந்த பாதை



சில ஆண்டுகளுக்கு முன்பு, ரமளான் பிறை பார்க்க ஒரு வாரமே இருந்த நேரம். நமது மதரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவனின் நன்னா, ஃபஜ்ர் தொழுகை முடிந்து அனைவரும் கலைந்த பிறகும் எழுந்து செல்லாமல் பள்ளியின் தூணோரம் அமர்ந்திருந்தார். அருகில் ஒரு பெரிய எக்ஸ்ரே உறை. நாம் ஸலாம் கூறி நலம் விசாரித்ததும் அவ்வுறையை நம் பக்கம் நகர்த்தினார்.

“ஹஜ்ரத், நெஞ்சுல கட்டி மாதிரி ஒரு நிழல் தெரியுதாம். ஸ்கேன் பார்த்துக்கிட்டே ஊசி விட்டு சதை எடுத்துப் பார்க்கணும்னு டாக்டர் சொல்றார். ஊசி பட்டா பரவிடும்னு வீட்டுல எல்லாரும் பயப்படுறாங்க. நோன்பு வேற வருது. பெருநாள் கழிச்சுப் பார்த்துக்கலாமா?”

அவர் கேட்டது மருத்துவம் சார்ந்த கேள்வி. நமக்கோ அதில் எந்த ஞானமும் இல்லை. ஆயினும் ஒரு நொடியும் தயங்காமல், “நோன்பு கழியட்டும் பாய், அல்லாஹ் ஷிஃபா தருவான்” என்று கூறி அனுப்பி வைத்தோம். ரமளான் கழிந்தது. ஷவ்வால் கழிந்தது. ஹஜ்ஜுப் பெருநாளும் கழிந்தது. முஹர்ரம் மாதத்தில் அவருக்கு இருமலோடு இரத்தம் வந்த பின்னரே ஊசிப் பரிசோதனை செய்யப்பட்டது. நுரையீரல் புற்றுநோய் என்று முடிவு வந்தது. அதற்குள் நோய் எலும்புகளுக்கும் சென்றிருந்தது. அடுத்த சில மாதங்களில் அவருடைய ஜனாஸாத் தொழுகையை நாமே நடத்தினோம். கபுருஸ்தானிலிருந்து திரும்பும் வழியில் உறவினர் ஒருவர், “ஊசி போட்டாங்க, அதோட ஆள் விழுந்துட்டார்” என்று மற்றொருவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். நாம் பின்னால் நடந்துகொண்டிருந்தோம், வாய் திறக்கவில்லை.

முன்பே பரிசோதித்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நாம் கூற வரவில்லை. அஜல் அல்லாஹ்வின் வசம் உள்ளது. ஆனால் அந்த நான்கு மாதத் தாமதத்தில் நம் நாவுக்குப் பங்கு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை ஆண்டுதோறும் தயம்மும் பாடத்தின்போது மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பயணத்தில் தலையில் கல்லடி பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையாகிறது. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று அவர் தோழர்களிடம் கேட்கிறார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் கூறிவிடுகின்றனர். அவர் குளிக்கிறார், இறந்துவிடுகிறார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் மிகவும் கோபமுற்று, தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்ற கருத்தில் கண்டித்தார்கள். பாடம் நடத்தும்போதெல்லாம், தவறு செய்தவர்கள் யாரோ முற்காலத்தவர்கள் என்ற எண்ணமே நமக்கு இருந்தது.

அந்த ஜனாஸாவுக்குப் பிறகு நாம் கேட்கத் தொடங்கினோம். மருத்துவர்களிடம் கேட்டோம், நூல்களைப் புரட்டினோம். நெஞ்சுக்குள் ஊசி செலுத்திப் பார்க்கும் இந்த முறை எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது, யாரெல்லாம் அதற்காக உழைத்தனர் என்பதை அறிந்தபோது, நாம் பயந்த பொருள் வேறு, உண்மையில் இருக்கும் பொருள் வேறு என்பது விளங்கிற்று.

உருவத்தில் ஒத்திருக்கும் இரு நோய்களைப் பிரித்தறிவதுதான் மருத்துவத்தின் பழைய துன்பம். ரய் நகரத்து அபூபக்ர் முஹம்மத் பின் ஸகரிய்யா அர்ராஸீ (865–925) பெரியம்மைக்கும் தட்டம்மைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவே தனியாக ஒரு நூல் எழுதினார். இரண்டிலும் காய்ச்சல், இரண்டிலும் உடலெங்கும் தடிப்பு. ஆனால் முதுகுவலி எதில் மிகுதி, மனக் கலக்கம் எதில் மிகுதி என்று நோயாளியின் அருகிலிருந்து கவனித்து அவர் எழுதினார். தோலின் மீது வெளிப்படும் நோய்க்குக் கண்ணே போதும். நெஞ்சுக்கூட்டுக்குள் ஒளிந்திருக்கும் நோயை எந்தக் கண்ணால் காண்பது?

குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (936–1013) எழுதிய ‘அத்தஸ்ரீஃப்’ 30 பாகங்கள் கொண்டது. கடைசிப் பாகம் முழுவதும் அறுவை மருத்துவம். ஏறத்தாழ 200 கருவிகளின் படங்கள் அதில் உள்ளன. வீக்கங்களுக்கும் கட்டிகளுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய்வதற்கான கூர்முனைக் கருவிகளும் அவற்றுள் அடக்கம். ஏறக்குறைய அதே காலத்தில், மோசுலில் பிறந்து எகிப்தில் பணிபுரிந்த அம்மார் பின் அலீ அல்மவ்ஸிலீ, கண்புரையை உறிஞ்சி எடுக்க உள்ளே துளையுள்ள உலோக ஊசியைப் பயன்படுத்தினார். உடலின் ஆழத்திலிருந்து ஒரு துளியை வெளியே கொண்டுவர வேண்டுமெனில், ஊசியின் உள்ளே வழி இருக்க வேண்டும் என்ற எளிய உண்மை அங்கே செயல்வடிவம் பெற்றுவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சொல். பயாப்சியைக் கண்டுபிடித்தவரே முஸ்லிம்தான் என்ற வகைப் பட்டியல்கள் நம் கைபேசிகளில் சுற்றி வருகின்றன. நாம் அவ்வாறு எழுதமாட்டோம். ஸஹ்ராவீயோ அம்மாரோ யாருடைய நுரையீரலிலும் ஊசி செலுத்தவில்லை. அவர்கள் ஆற்றிய பணி அவர்களுக்குப் போதுமான சிறப்பு. நாம் அதற்கு மேல் ஒன்றை ஒட்டவைக்கத் தேவையில்லை.

நெஞ்சின் கதையில் அடுத்த பெரிய அடி பாரிஸில் எடுத்து வைக்கப்பட்டது. 1816இல் நெக்கேர் மருத்துவமனையில் ரெனே லென்னெக் என்ற மருத்துவரிடம் ஓர் இளம்பெண் நெஞ்சு நோயுடன் வந்தாள். அக்காலத்தில் மருத்துவர்கள் நோயாளியின் மார்பில் நேரடியாகக் காதை வைத்துக் கேட்பர். ஓர் இளம்பெண்ணிடம் அவ்வாறு செய்வது முறையன்று என்று கருதிய லென்னெக், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை அவள் மார்பிலும் மறு முனையைத் தம் காதிலும் வைத்தார். இதயத்தின் ஒலி முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதஸ்கோப் இவ்வாறு வெட்கத்திலிருந்து பிறந்த கருவி. ஹயா ஈமானின் ஒரு கிளை என்று கற்பிக்கும் நமக்கு இந்நிகழ்ச்சி மிகவும் பிடித்துப்போனது. நுரையீரலின் ஒலிகளைக் கொண்டு காசநோயைப் பகுத்தறிந்த லென்னெக், அந்தக் காசநோயாலேயே 1826இல் இறந்தார்.

அதே காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் நம் ஊரிலும் மருத்துவக் கல்வியைத் தொடங்கினர். 1823இல் புதுச்சேரியில் நிறுவப்பட்ட ‘எக்கோல் த மெத்சின்’ என்னும் மருத்துவப் பள்ளியே இன்றைய ஜிப்மரின் முன்னோடி. பிரெஞ்சு ஆட்சி 1954இல் நடைமுறையில் விலகிய பின், 1956இல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாக உருக்கொண்டது. 1964இல் மத்திய அரசு அதனை ஏற்று, ஜவஹர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயரிட்டது. 2008இல் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. முல்லா வீதியிலிருந்து கோரிமேட்டுக்குப் பேருந்தில் செல்பவருக்கு அது வெறும் பெரியாஸ்பத்திரிதான். ஆயினும் நெஞ்சைத் தட்டிப் பார்த்தும் குழல் வைத்துக் கேட்டும் நோயறியும் கல்வி இந்த ஊருக்கு வந்து இரு நூற்றாண்டுகள் ஆகின்றன.

கேட்பதற்கும் காண்பதற்கும் இடையே இன்னும் தூரம் இருந்தது. 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக பெர்லினில் அறிவித்தார். அடுத்த ஆண்டே, அதாவது 1883இல், லைடன் என்ற ஜெர்மானிய மருத்துவர் நிமோனியா நோயாளி ஒருவரின் மார்பு வழியே ஊசி செலுத்தி நுரையீரலிலிருந்து நீர் எடுத்து, அதில் கிருமிகள் இருப்பதை நுண்ணோக்கியில் கண்டார். 1886இல் பாரிஸில் மெனெத்ரியே அதே வழியில் ஊசி செலுத்தி நுரையீரல் புற்றுநோயைக் கண்டறிந்தார். பயாப்சி என்ற சொல்லும் பிரெஞ்சுக்காரர் கொடுத்ததே. எர்னஸ்ட் பெனியே என்ற தோல் மருத்துவர் 1879இல், ‘உயிர்’, ‘காட்சி’ எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதனை உருவாக்கினார். இறந்த உடலை அறுத்துப் பார்ப்பதற்கு எதிர்ச்சொல் அது. அதாவது, மனிதன் உயிரோடிருக்கும்போதே அவனுடைய நோயைக் கண்ணால் காண்பது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1886இல் எக்ஸ்ரே கிடையாது. மெனெத்ரியே ஊசி செலுத்தியது விரலால் தட்டி, காதால் கேட்டு, உத்தேசமாகத்தான். இருட்டறையில் கம்பியால் துழாவுவது போன்ற செயல் அது.

அந்த இருட்டில் விளக்கேற்றியவர் வில்ஹெல்ம் ரோன்ட்ஜென். 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் தம் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ் கதிரைக் கண்டார். டிசம்பரில் தம் மனைவியின் கையெலும்புகளைப் படமெடுத்தார். சில மாதங்களில் அது உலகெங்கும் பரவிற்று. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1934இல் பார்னார்டு கதிரியக்கவியல் நிலையம் திறக்கப்பட்டது.

எக்ஸ்ரே தருவது நிழல். நிழலுக்கு உருவம் உண்டு, பெயர் கிடையாது. நெஞ்சில் எலுமிச்சை அளவில் ஒரு வெண்ணிழல் தெரிந்தால் அது காசநோய்க் கட்டியாக இருக்கலாம், புற்றுநோயாக இருக்கலாம், பூஞ்சையாக, சீழாக, ஆறிப்போன பழைய வடுவாகவும் இருக்கலாம். ஆகவே நிழல் தெரிந்த இடத்தில் ஊசியைச் செலுத்தி, உள்ளிருப்பது என்னவென்று எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் மீண்டும் எழுந்தது. நியூயார்க் நினைவு மருத்துவமனையில் ஹேய்ஸ் மார்ட்டினும் எட்வர்ட் எல்லிஸும் 1930இல், ஊசியால் கட்டிகளிலிருந்து உறிஞ்சி எடுக்கும் முறையை வெளியிட்டனர். அங்கேயே கிரேவரும் பிங்க்லியும் 1939இல் நுரையீரல் கட்டிகளில் அதே முறையைக் கையாண்டு எழுதினர்.

ஆனால் முறை பரவவில்லை. அக்கால ஊசிகள் தடித்தவை. திசுவை வெட்டியெடுக்கும் ஊசிகள் அவற்றினும் கொடியவை. நுரையீரல் மற்ற உறுப்புகளைப் போன்றதன்று. அது காற்று நிறைந்த பஞ்சு. ஒவ்வொரு மூச்சிலும் மேலும் கீழும் நகர்வது. இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடப்பது. தடித்த ஊசி பட்டால் இரத்தம் கொட்டும். காற்று கசிந்து நுரையீரல் சுருங்கும். சில நோயாளிகள் இறந்தும் போயினர். ஆகவே பல மருத்துவர்கள் இதைவிட நெஞ்சை அறுத்தே பார்த்துவிடலாம் என்று திரும்பிவிட்டனர். நம் முதியோர் உள்ளத்தில் இருக்கும் ஊசிப் பயத்திற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. அவர்கள் பயப்படும் ஊசி அந்தக் காலத்து ஊசி.

நிலைமையை மாற்றியவர்கள் சுவீடன் நாட்டினர். ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா மருத்துவர்கள் 1950களிலும் 60களிலும் மிக மெல்லிய ஊசியால் சில உயிரணுக்களை மட்டும் உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் பரப்பிப் பார்க்கும் கலையை வளர்த்தனர். பெரும் துண்டு தேவையில்லை. படிக்கத் தெரிந்தவருக்குச் சில அணுக்களே போதும் என்று நிரூபித்தனர். அங்கிருந்த கதிரியக்க மருத்துவர் பியோர்ன் நூர்டென்ஸ்ட்ரம், 1965இலும் அதை அடுத்த ஆண்டிலும், எக்ஸ்ரேயின் அசையும் படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே மார்பு வழியாக நுரையீரல் கட்டிக்கு மெல்லிய ஊசியைச் செலுத்தும் முறையை விரிவாக எழுதினார். அதற்கு முந்தைய தலைமுறை மருத்துவர்கள் இத்தகைய படத்தைக் காண்பதற்குக் கண் பழக வேண்டி நெடுநேரம் இருட்டில் அமர்ந்திருப்பர். படத்தை ஒளிமிகுத்துக் காட்டும் கருவி வந்த பிறகு அந்தத் துன்பம் நீங்கியது. ஊசியின் முனை போகும் வழியைக் கண் பார்க்க, கை செலுத்தியது.

இருப்பினும் ஒரு குறை. எக்ஸ்ரே படத்தில் முன்னிருப்பதும் பின்னிருப்பதும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். இதயத்தின் பின்னே ஒளிந்த கட்டியோ, இரு நுரையீரல்களுக்கும் இடைப்பட்ட பகுதியின் கட்டியோ தெளிவாகத் தெரியாது. இசைத்தட்டுகள் வெளியிட்டுப் புகழ்பெற்ற ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட், உடலை ரொட்டித் துண்டங்களைப் போலக் குறுக்கே வெட்டிக் காட்டும் சி.டி. ஸ்கேனை உருவாக்கினார். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை அதில் படமெடுக்கப்பட்டது. 1979இல் அவருக்கும் ஆலன் கார்மக்கிற்கும் நோபல் பரிசு கிடைத்தது. உடல் முழுவதையும் படமெடுக்கும் கருவிகள் வந்தவுடன், 1976இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாகாவும் அல்ஃபிடியும் சி.டி. வழிகாட்டுதலில் ஊசியைக் குறி தவறாமல் செலுத்தும் முறையை வெளியிட்டனர். தோலிலிருந்து கட்டிக்கு எத்தனை சென்டிமீட்டர், எந்தக் கோணத்தில், வழியில் எந்த இரத்தக் குழாய் என்பதெல்லாம் முன்கூட்டியே அளக்கப்படும் காலம் வந்தது. நெஞ்சை அறுக்காமலே உள்ளிருப்பதை அறிய வேண்டும் என்பதற்காக இத்தனை பேர் இத்தனை ஆண்டுகள் உழைத்திருக்கின்றனர். அதைத்தான் நாம் அன்று தூணோரம் அமர்ந்திருந்த பெரியவரிடம் ஒரு வாக்கியத்தில் தள்ளிவைத்தோம்.

நம் நாட்டில் இந்தப் பரிசோதனைக்கு இன்னொரு அவசியமும் உண்டு. இங்கே நெஞ்சில் நிழல் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது காசநோய். அது இயல்பே. தாம்பரத்தில் 1928இல் சௌரிமுத்து என்ற மருத்துவர் காசநோயாளிகளுக்கான சானட்டோரியம் தொடங்கினார். இன்றும் அந்த ரயில் நிலையத்தின் பெயரே சானட்டோரியம். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், சானட்டோரியத்தில் படுத்திருந்தாலும் வீட்டிலிருந்து மாத்திரை உண்டாலும் குணம் ஒன்றே என்பதை 1959இல் உலகுக்கு நிரூபித்தது. சென்னையின் இந்தச் சாதனை உலக மருத்துவத்தையே மாற்றியது. காசநோய் மாத்திரைக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டவர்கள். ஆனால் அதே பழக்கத்தால், சளியில் கிருமி தென்படாத நிலையிலும் “டிபியாக இருக்கலாம்” என்று மாதக்கணக்கில் மாத்திரை உண்டு, நிழல் சிறுக்காமல் போன பிறகு புற்றுநோய் என்று அறிந்தவர்கள் நம் நாட்டில் ஏராளம். இதன் மறுபக்கமும் உண்டு. காசநோயைப் புற்றுநோய் என்று தாமாகவே முடிவு செய்து, ஜனாஸாவுக்கு ஆயத்தமாவதுபோல் வீட்டில் முடங்கியவர்களை நாம் அறிவோம். ராஸீ பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்த வேலையைத்தான் இன்று இந்த ஊசி செய்கிறது.

இனி, அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும் கூறிவிடுகிறோம். தெரியாததுதான் அதிகம் அச்சுறுத்தும். முதலில் இரத்தம் உறையும் தன்மையைச் சோதிப்பர். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் கூறிவிட வேண்டும். இதய நோய்க்காக நம் பெரியவர்கள் பலர் அத்தகைய மாத்திரை உண்கின்றனர், சொல்ல மறந்துவிடுகின்றனர். பிறகு சி.டி. மேசையில் கட்டியின் இடத்திற்கேற்ப மல்லாந்தோ குப்புறவோ படுக்க வைப்பர். தோலில் அடையாளமிட்டு, அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவர். நோயாளி விழித்திருப்பார். மூச்சை நிறுத்தச் சொல்லும்போது நிறுத்த வேண்டும். நுரையீரல் அசையாதிருக்கவே அந்த வேண்டுகோள். விலா எலும்பின் கீழ் விளிம்பில் இரத்தக் குழாய் ஓடுவதால் ஊசி எலும்பின் மேல் விளிம்பை ஒட்டியே செல்லும். சிறிது செலுத்தி மீண்டும் படமெடுப்பர். முனை கட்டியை அடைந்தது உறுதியான பின்னரே திசு எடுப்பர். ஊசிகளுக்கு எண் உண்டு. எண் கூடக்கூட ஊசி மெல்லியதாகும். 22 எண் ஊசியின் தடிமன் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர், 18 எண் ஊசி 1.2 மில்லிமீட்டர் அளவு. வெளிவருவது நூலிழை போன்ற ஒரு துண்டு. கட்டி மார்புச் சுவரை ஒட்டியிருந்தால் சி.டி. தேவையின்றி அல்ட்ராசவுண்ட் கொண்டே செய்துவிடுவர். நம் ஜிப்மரிலும் இன்று இது வழக்கமாகிவிட்ட பரிசோதனை.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. நூறு பேரில் சுமார் 15 முதல் 25 பேருக்கு நுரையீரலைச் சுற்றிச் சிறிது காற்று கசியும். பெரும்பாலோருக்கு அது தானாகவே வற்றிவிடும். சிலருக்கு மட்டும் குழாய் வைத்து வெளியேற்ற நேரிடும். சிலருக்கு இருமும்போது சிறிது இரத்தம் வரும். இதற்காகவே பரிசோதனைக்குப் பின் சில மணி நேரம் படுக்க வைத்து, மீண்டும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து அனுப்புகின்றனர். பத்தில் ஒன்பது முறை விடை கிடைக்கிறது. கிடைக்காதபோது மறுபடி செய்ய வேண்டியிருக்கும். ஊசி சென்ற வழியில் புற்றணு தங்கிப் பரவுவது மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. ஆனால் அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அப்படியானால் ஊரெல்லாம் ஏன் அவ்வாறு பேசுகிறது? கபுருஸ்தான் வழியில் நாம் கேட்ட பேச்சே அதற்கு விடை. நோய் முற்றிய பின் ஊசி போடப்படுகிறது. ஊசிக்குப் பின் நோய் முற்றியிருப்பது தெரியவருகிறது. பின்னால் வந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாகிவிடுகிறது.

இன்னொரு செய்தி நமக்கே புதிதாக இருந்தது. முன்பெல்லாம் புற்றுநோயா இல்லையா என்பதே திசுவிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி. 2004இல், நுரையீரல் புற்றுநோய்களுள் சிலவற்றில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் மாற்றம் இருப்பதும், அத்தகையோருக்கு மாத்திரையே நன்கு வேலை செய்வதும் கண்டறியப்பட்டது. அதன்பின் எந்த வகை, எந்த மருந்து என்பதையும் அந்த நூலிழைத் துண்டே சொல்கிறது.

நோன்பு பற்றி நம்மிடம் பலர் கேட்கின்றனர். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் பத்தாவது அமர்வு, கல்லீரல் முதலிய உறுப்புகளிலிருந்து பரிசோதனைக்காகத் திசு எடுப்பது, அதனுடன் மருந்து நீர் செலுத்தப்படாத வரை நோன்பை முறிக்காது என்று முடிவு செய்தது. எனினும் நம் பகுதியில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் மிகுதி. அந்த மத்ஹபின் பழைய கிதாபுகள், ஒருவருடைய சம்மதத்தோடு கூரிய கருவி உடலின் உட்பகுதியை அடைந்தால் நோன்பு முறியும் என்று கூறுகின்றன. நம் கருத்தில் இந்த விவாதத்திற்கு இங்கே அவசியமே இல்லை. நோயாளிக்கு நோன்பை விட்டு வேறு நாளில் நோற்கும் சலுகையை அல்லாஹ் அல்பகரா அத்தியாயத்தில் தெளிவாகவே தந்துள்ளான். நாள் குறித்திருந்தால் ரமளானிலேயே சென்று செய்துகொண்டு, அந்த நோன்பைப் பிறகு களாச் செய்துகொள்ளலாம். இதை அன்று நாம் சொல்லியிருக்க வேண்டும். இது நம் துறை, இதிலும் தவறினோம்.

பெண்களுக்கு வேறொரு தயக்கம். மார்புப் பகுதியைத் திறந்து படுக்க வேண்டுமே என்பது. பெண் மருத்துவர் கிடைப்பாரா என்று கேட்பதில் குற்றமில்லை. கேட்டால் பல இடங்களில் ஏற்பாடு செய்து தருகின்றனர். கிடைக்காதபோது, அவசியத்தின் அளவுக்கு மட்டும் திறக்கலாம் என்பது ஃபுகஹாக்களின் பொதுவான நிலைப்பாடு. ஊசி செலுத்தும் சிறு பகுதியைத் தவிர மற்ற இடங்களைத் துணியால் மூடித்தான் மருத்துவர்களும் வேலை செய்கின்றனர். அது கிருமி படாமல் காக்கும் அவர்களுடைய சொந்த விதியும்கூட.

கடந்த ஆண்டு நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரி ஒருவர் இதே நிலையில் நம் இல்லத்தாரிடம் வந்தார். எக்ஸ்ரேயில் வலப்பக்கம் நிழல். எடை குறைந்திருந்தது. புற்றுநோய்தான் என்று அவரே முடிவு செய்துவிட்டார். “தெரியாமலே போயிடட்டும், புள்ளைங்க பயந்துடும்” என்று கூறி, பரிசோதனைக்கு மறுத்தார். நம் இல்லத்தார் அவரை அமர்த்தித் தேநீர் கொடுத்து, ஒரு மருத்துவச் சகோதரியின் எண்ணுக்குப் பேசவைத்தார். நாம் எதுவும் கூறவில்லை. மூன்றாம் நாள் அவர் சென்று படுத்தார். எடுத்த திசுவில் ஒரு பகுதி நுண்ணோக்கிக்கும் ஒரு பகுதி காசநோய்ச் சோதனைக்கும் அனுப்பப்பட்டன. ஒரு வாரத்தில் முடிவு வந்தது: காசநோய்.

ஆறு மாத மாத்திரை இந்த மாதம் முடிகிறது. சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவருடைய மகன் ஒரு தூக்குப் பாத்திரத்தில் சேமியா பாயசம் கொண்டுவந்து மதரஸாவில் வைத்தான். கையில் புதிய எக்ஸ்ரே. “உம்மாவோடது, பாருங்க ஹஜ்ரத்” என்று நீட்டினான். வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தோம். நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதை உறையிலிட்டு, திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டச் சொல்லி அவனிடமே திருப்பிக் கொடுத்தோம்.